கலர் கொஞ்சம் தூக்கி

அம்பை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் ஃப்ளெக்ஸ் கடை.
சடங்கு, காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி
எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின், ஒரே நான்.
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.
டிசைனுக்குத் தனியாக ஒன்றும் கிடையாது.

வருகிறவர்கள் உட்காரும் முன்பே சொல்வது:
'கலர் கொஞ்சம் தூக்கி வச்சிருங்க.'
எவ்வளவு என்று யாரும் சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.
இருபத்திரண்டு.
வீரவநல்லூர்க்காரிக்கும் இருபத்திரண்டு,
கல்லிடைக்குறிச்சி மாப்பிள்ளைக்கும் இருபத்திரண்டு.
கருப்பாக அடித்தால் மை கூடப் போகும் என்பார்
முதலாளி தாவீது அண்ணாச்சி,
பாதி விளையாட்டாக.

எதிரே ஜவுளிக்கடை போர்டில் ஒருத்தி
மூன்று வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.
எந்த ஊர்க்காரியோ.
சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள்
அவள் நிழலில்தான் நிற்கிறார்கள்,
துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு.

ஆவுடைச்செல்வியை எனக்குத் தெரியும்.
முக்கூடல். பீடி சுற்றுகிறவள்.
போன ஆவணியில் மகள் காதுகுத்துக்கு வந்தாள்,
எட்டுக்கு ஆறு.
போனை நீட்டினாள்.
'எக்கா, இந்த மச்சத்த மட்டும் எடுத்துருங்க.
கூடப் பொறந்த சனியன்.'
மேலுதட்டுக்கு மேலே, உளுந்து அளவு.
ரெண்டு க்ளிக்.
'அட, இவ்வளவுதானா' என்று சிரித்தாள்.
சிரித்தபோது, அவள் நிஜ முகத்தில்,
அது கொஞ்சம் மேலே ஏறி இறங்கியது.
இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

நேற்று அவள் தம்பி வந்தான்.
கண்ணீர் அஞ்சலி, ஆறுக்கு நாலு.
மஞ்சள் காமாலை, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, பதினோரு நாள்.
அவள் போனில் நானூறு படம்.
நானூறிலும் ஒரே தோல்,
கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி.
கண் கொஞ்சம் பெரிசு, தாடை கொஞ்சம் சிறிசு.
போன் தானாகவே செய்துகொண்டது.
அவள் அதை அணைக்கவில்லை.
அணைத்தால் யார் வருவாள் என்று
அவளுக்குத் தெரியுமே.

'இதுல மச்சத்த வச்சிருங்கக்கா' என்றான் தம்பி.
'எங்க அக்கா மாதிரியே இல்ல.'

எந்தப் பக்கம்?
இடது என்றான்.
வலது என்றாள் மாமியார்.
காலையில் துபாயிலிருந்து இறங்கிய புருஷன்
ஒன்றும் சொல்லாமல் தன் மேலுதட்டைத் தொட்டான்,
எதிரே நிற்கிற முகத்தைத் தொடுகிறவன் போல.
தொட்டது அவன் இடதா, அவள் இடதா.

காதுகுத்து ஃபைலைத் தேடினேன்.
இருந்தது.
மச்சத்தை எடுத்துவிட்டு
அதன் மேலேயே சேவ் பண்ணியிருக்கிறேன்.

கடைசியில் ஆதார் அட்டை.
'இத மட்டும் யாருட்டயும் காட்ட மாட்டா,
பர்ஸ்ல கவுத்தித்தான் வச்சிருப்பா.'
நகத்தளவு முகம், பாதி அழிந்த மை,
பிடிபட்டவள் மாதிரி முழிக்கிறாள்.
மச்சம் இருந்தது.
வலது.

வைத்தேன். பிறகு கலர்.
அந்த ஸ்லைடரை இடப்பக்கம் இழுத்துப் பழக்கமே இல்லை எனக்கு.
கழித்தல் ஐந்தில் தம்பி உதட்டைப் பிதுக்கினான்.
பத்து. பதினாலு.
பதினேழில் புருஷன் எழுந்து வெளியே போனான்.
'அங்கனயே நிறுத்துங்க' என்றான் தம்பி.

மெஷின் நெற்றியிலிருந்து தொடங்கி
விரற்கடை விரற்கடையாக அவளை அடித்தது.
மை கூடத்தான் போனது.
அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை.

அது காயும் முன்னே அடுத்த ஆர்டர்,
கடையத்திலிருந்து ஒரு சடங்கு.
அந்தப் பிள்ளையும் கூட வந்திருந்தது, பதிமூன்று வயசு இருக்கும்.
தரையில் விரித்திருந்த ஆவுடைச்செல்வியைத் தாண்டாமல்
சுவரோரமாகச் சுற்றி வந்து
என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது.
'கலர் கொஞ்சம்...' என்று அம்மா தொடங்க
கை அதற்குள் இருபத்திரண்டில் இருந்தது.

'இது நானா?' என்றது பிள்ளை.
சந்தோஷமாகத்தான் கேட்டதா என்று
எனக்குப் பிடிபடவில்லை.